தோட்டத்துக்குள் காட்டுப்பன்றி: தென்மராட்சி, வடமராட்சி கிழக்குக் கமக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கச்சான் பிடுங்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது. விடியப் போய்ப் பார்த்தால், நாலு பரப்பில் பாதிக்கு மேல் யாரோ மண்வெட்டியால் கொத்திப் புரட்டியதுபோல் கிடந்தது. செடிகள் வேரோடு மல்லாந்து வாடிக்கொண்டிருந்தன. கோது மட்டும் அங்கங்கே சிதறிக் கிடந்தது, உள்ளே பருப்பு இல்லை. குனிந்து பார்த்தேன். ஈர மண்ணில் இரட்டைக் குளம்பு, அதற்குப் பின்னால் இரண்டு சின்னப் புள்ளிகள்.

அடுத்த போகத்துக்கு வேலி போட்டேன். நல்ல வேலி. ஒரு பன்றியும் உள்ளே வரவில்லை. மரவள்ளி கிழங்கு வைக்கும் நேரம் ஒரு நாள் பின்னேரம் கிழக்குக் காணிக்கார அண்ணை வந்து படலையடியில் நின்றார். "தம்பி, உன்ரை வேலி நல்ல வேலிதான். அதிலை முட்டித் திரும்பினது முழுக்க என்ரை மரவள்ளிக்கைதான் வந்து விழுந்தது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது எனக்கு நன்றாக உறைத்தது.

இந்த வழிகாட்டி அந்தப் பேச்சிலிருந்து தொடங்கியது. தனி ஒருவர் தன் காணியைக் காத்தால் பன்றி பக்கத்துக் காணிக்குப் போகும். ஒரு வெளி முழுக்கச் சேர்ந்து, விளைச்சலுக்கு முன்பே வேலையைத் தொடங்கினால்தான் அதன் பரவலை மட்டுப்படுத்தலாம். கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். பலரும் ஏழாம் படியான பிடிப்பதிலிருந்து தொடங்குகிறார்கள், காசும் நேரமும் அங்கேதான் வீணாகிறது.

இந்த மிருகத்தைப் பற்றி முதலில்

காட்டுப்பன்றி இலங்கைக்குப் புதிதாக வந்த மிருகம் அல்ல, இந்த மண்ணுக்கே உரியது. அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் கதை வேறு. 1539இல் எர்னாண்டோ டி சோட்டோ என்ற ஸ்பானியர் புளோரிடாவுக்குக் கொண்டுபோன பன்றிகளும், பின்னால் வந்தவர்கள் கொண்டுபோனவையும் காட்டில் ஓடிப் பெருகின. இன்று அமெரிக்காவின் 35 மாநிலங்களில் 60 இலட்சத்துக்கு மேல் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அங்கே அது ஆக்கிரமிப்பு இனம், பல இடங்களில் முழுதாக அழித்துவிட வேண்டும் என்றே திட்டம் போடுகிறார்கள். எங்களுக்கு அந்த இலக்கு பொருந்தாது. பன்றி காட்டில் இருக்கட்டும். தோட்டத்துக்குள்ளும் ஊருக்குள்ளும் பெருகாமல் பார்ப்பதுதான் எங்கள் வேலை. அந்த நாடுகள் பட்டுப் படித்த பாடங்கள் பல அதற்கு அப்படியே உதவும்.

ஏன் இவ்வளவு வேகமாகப் பெருகுகிறது? பெண் பன்றி ஒரு வயது ஆவதற்குள்ளேயே குட்டி போடத் தயாராகிவிடும். சினைக்காலம் ஏறத்தாழ 115 நாள். எங்கள் பெரியவர்கள் மூன்று மாதம், மூன்று கிழமை, மூன்று நாள் என்று கணக்கு வைப்பார்கள். ஒரு ஈற்றுக்கு நாலு முதல் ஆறு குட்டி. தீனி தாராளமாக இருந்தால் வருடத்தில் இரண்டாவது ஈற்றும் நடக்கலாம். ஓரிடத்தில் எண்ணிக்கை கூடாமல் நிற்க வேண்டுமென்றாலே வருடத்துக்கு 70 சதவீதம் அளவில் குறைய வேண்டும் என்பது ஆய்வாளர் பரவலாகச் சொல்லும் கணக்கு. உங்கள் வெளியைச் சுற்றி 25 பன்றி இருந்தால் 17, 18 குறைய வேண்டும், அதுவும் ஒவ்வொரு வருடமும். வருடத்தில் இரண்டு மூன்றைச் சுட்டுவிட்டு, தொல்லை குறையும் என்று காத்திருப்பதில் பயன் இல்லை என்பது இப்போது விளங்கும்.

பெண்களும் குட்டிகளும் கூட்டமாகத் திரியும். வளர்ந்த ஆண் பெரும்பாலும் தனியே திரியும். கண் பார்வை மட்டம், மூக்கு மிகக் கூர்மை. வியர்வை மூலம் உடம்பைக் குளிர்விக்க முடியாததால் சேறும் தண்ணீரும் இல்லாமல் கோடையில் இருக்க முடியாது. நன்றாக நீந்தும், ஆழம் குறைந்த கடல்நீரேரி அதற்கு ஒரு தடையே அல்ல. நரியும் மலைப்பாம்பும் குட்டிகளைப் பிடிக்கும். பெரிய பன்றியை அடிக்கக்கூடியது பெரும்பாலும் சிறுத்தைதான், அதை எங்கள் தோட்டப் பக்கத்தில் காண்பது அரிது.

படி 1: வந்தது பன்றிதானா என்று பாருங்கள்

தோட்டத்தில் அழிவு தெரிந்தவுடன் பன்றி என்று முடிவு கட்டாதீர்கள். கட்டாக்காலி மாடு இலையையும் தண்டையும் மேய்ந்திருக்கும், மண்ணைக் கிண்டாது. முள்ளம்பன்றி கிழங்கைத் தோண்டும், தென்னம்பிள்ளையின் அடியைக் கறண்டும். ஆனால் அது தோண்டும் குழி ஒடுக்கமாக இருக்கும், பல் பதிந்த தடம் தெளிவாகத் தெரியும், தேடினால் ஒரு முள்ளாவது கிடைக்கும். பன்றி மூக்கால் உழும். ஒரு முழ ஆழத்துக்குக்கூட மண்ணைப் புரட்டி, நீளமான சால்போல் விட்டுப் போகும்.

குளம்படியை விடியற்காலை வெயில் ஏறுமுன் பாருங்கள். ஆட்டின் அடி ஒடுங்கி நுனி கூராக இருக்கும். பன்றியின் அடி அகன்று நுனி மழுங்கியிருக்கும், பின்னால் இரண்டு சிறு விரல்களும் பக்கவாட்டில் விரிந்து பதியும். கம்பியில் சிக்கிய தடித்த மயிர், பனையடியிலும் பூவரசங் கதியாலிலும் முழங்கால் உயரத்துக்குச் சேறு பூசிய தடம், சின்னக் குட்டையில் படுத்துப் புரண்ட அடையாளம் ஆகியவையும் இருந்தால் சந்தேகம் வேண்டாம்.

குட்டி அடியும் பெரிய அடியும் கலந்து இருந்தால் வந்தது கூட்டம். பெரிய அடி மட்டும் ஒன்றுபோல் இருந்தால் தனி ஆண். இதைக் குறித்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

படி 2: எங்கே படுக்கிறது, எந்த வழியால் வருகிறது

பகலில் பன்றி படுக்கப் பற்றை வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்தப் பற்றை எப்படி வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். போரில் இடம்பெயர்ந்து போனவர்களின் வளவுகள், உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும் காணிகள், நெடுநாள் உழவில்லாத வயல் கரைகள். நாயுருவியும் ஈச்சையும் நாகதாளியும் மண்டி, ஆள் நுழைய முடியாமல் கிடக்கின்றன. எழுதுமட்டுவாள், கிளாலி, முகமாலை, இயக்கச்சி தொட்டு வெற்றிலைக்கேணி வரை இப்படி எத்தனையோ துண்டுகள். கிழக்கே சுண்டிக்குளம் இருக்கிறது. 1938இல் பறவைகள் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவான இடம். அதற்குள் எந்த மிருகத்தையும் தொட முடியாது, தொடவும் கூடாது.

ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் வெளியை வரையுங்கள். பற்றை, குளம், துரவு, வாய்க்கால், குப்பை கொட்டும் இடம், வேலி திறந்த இடம் எல்லாவற்றையும் போடுங்கள். ஒரு கிழமைக்கு ஒவ்வொரு நாள் காலையும் அடித்தடம் கண்ட இடத்தில் புள்ளி வையுங்கள். பன்றி பழக்கத்துக்கு அடிமை. ஏழாம் நாள் பார்த்தால் புள்ளிகள் இரண்டு மூன்று பாதையாகச் சேர்ந்திருக்கும். நாங்கள் வரைந்தபோது, பாதி வெளியை அழித்தது ஒரே ஒரு வழியால் வந்த கூட்டம் என்று தெரிந்தது. பாலம் இல்லாத ஒரு வாய்க்காலின் அடியால் வந்திருக்கிறது. எல்லாரும் மேலே வேலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்த இடத்தில் ஒரு விடயத்தை மிகவும் அழுத்திச் சொல்கிறேன். அடி பார்த்துக்கொண்டு பற்றைக்குள் இறங்காதீர்கள். முகமாலைப் பக்கம் பல வருடம் மிதிவெடி அகற்றிய இடம். மண்டையோட்டுப் பலகையும் சிவப்புக் குறியும் உள்ள நிலத்துக்குள் கால் வைக்கவே வேண்டாம். பலகை இல்லாவிட்டாலும், துப்பரவு செய்து ஒப்படைத்த காணி என்று கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தாமல் உள்ளே போகாதீர்கள், பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். பன்றி நடந்த பாதை மனிதருக்குப் பாதுகாப்பானது என்று நினைப்பது பெரிய பிழை.

படி 3: நாங்களே அழைப்பதை நிறுத்துவோம்

பன்றி பயிருக்காக மட்டும் வருவதில்லை. ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். பொறுக்குவாரில்லாத வடலிக் காணிகளில் அது நூற்றுக்கணக்கில் அழுகிக் கிடக்கும். அதைத் தின்னப் பழகிய கூட்டம் அங்கேயே தங்கி, புரட்டாதி, ஐப்பசியில் போட்ட பனங்கிழங்குப் பாத்தியைத் தை பிறக்குமுன் கிண்டிவிடும். எனவே முதல் வேலை பழத்தைப் பொறுக்குவது. கொட்டை பாத்திக்கு உதவும், பழம் மாட்டுக்குப் போகட்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பழத்துக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டால் இரண்டு நாளில் ஒரு வளவு துப்பரவாகிவிடும்.

இரண்டாவது கழிவு. கல்யாண வீட்டுச் சாப்பாட்டு மிச்சம், கோழிக்கடைக் குடல், மீன் செதில் எல்லாம் உரப்பையில் கட்டி ஊருக்கு வெளியே தெருவோரம் எறியப்படுகின்றன. அது பன்றிக்குக் கட்டிக் கொடுக்கும் மடை. பிரதேச சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள், இடத்தைப் படம் எடுத்து இணையுங்கள். அதற்குப் பிறகும் எறிந்தால் அந்த இடத்தில் நாலு பேர் முறை வைத்து நின்றுதான் ஆக வேண்டும்.

மூன்றாவது பற்றை. எல்லாப் பற்றையையும் வெட்டச் சொல்லவில்லை. பற்றை பறவைக்கும் தேனீக்கும் வேண்டும். தோட்ட எல்லையிலிருந்து முப்பது அடி அகலத்துக்கு ஒரு வெறும் பட்டியை மட்டும் வைத்திருங்கள். பன்றிக்கு ஒதுக்கு இல்லாத வெளியால் நடப்பது பிடிக்காது. ஆள் இல்லாத காணியாக இருந்தால் உரிமையாளரிடம் தொலைபேசியில் கேட்டு, சம்மதத்தை ஒரு தகவலாக அனுப்பச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். கனடாவிலும் இலண்டனிலும் இருப்பவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. பயம் எல்லாம் காணி பறிபோய்விடுமோ என்பதுதான். துப்பரவு செய்வதற்கு மட்டும் என்று தெளிவாக எழுதினால் சரி.

வீட்டில் பன்றி வளர்ப்பவர்கள் கொட்டிலை அடைத்து வையுங்கள். அவிழ்த்துவிட்ட வீட்டுப்பன்றி காட்டுப்பன்றியோடு சேர்ந்துவிடும். அமெரிக்காவின் தொல்லை பெரும்பாலும் அப்படி ஓடிப்போன பன்றிகளில்தான் ஆரம்பித்தது.

படி 4: வெளியைக் கூட்டுங்கள்

இதற்குச் சரியான மாதம் ஆவணி. மாரி மழைக்கு முன், விதைப்புக்கு முன். கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் படி 2இல் வரைந்த தாளை விரியுங்கள். கமநல சேவை நிலையத்தாரையும் விவசாயப் போதனாசிரியரையும் அழையுங்கள். நாலே நாலு விடயத்தை முடிவு செய்தால் போதும்: எந்த எல்லைக்கு வேலி, யார் எவ்வளவு பங்கு, எந்தத் துண்டில் என்ன பயிர், யார் எந்த இரவு காவல்.

பயிர் பற்றி ஒரு சொல். கச்சான், மரவள்ளி, வற்றாளை, இராசவள்ளி, சோளன் இவைதான் பன்றிக்கு உயிர். இவற்றைப் பற்றை ஓரத்தில் போடாமல் வெளியின் நடுவே, வீடுகளுக்கு அருகே கொண்டுவாருங்கள். ஓரத்துக்கு மிளகாய், வெங்காயம், புகையிலை போகட்டும். பன்றி இவற்றைத் தின்னாது என்றில்லை, மிதித்தும் அழிக்கும். ஆனால் தேடி வராது. எங்கள் வெளியில் ஆறு பேர் இப்படித் துண்டு மாற்றிப் பயிரிட்டார்கள். ஒரு சதமும் செலவில்லாத மாற்றம் இது ஒன்றுதான், ஆளாளுக்குப் பேசிச் சம்மதிக்க வைக்கத்தான் ஒரு மாதம் போனது.

படி 5: வேலி

காசு போகும் இடமும் பலன் தரும் இடமும் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

எங்கள் வழக்கமான கிடுகு வேலியும் பனையோலை வேலியும் கண்ணை மறைக்கும், பன்றியை மறிக்காது. பன்றி வேலியைத் தாண்டிக் குதிப்பதைவிட அடியால் நுழைவதையே விரும்பும். மூக்கை உள்ளே கொடுத்துத் தூக்கிப் பார்க்கும். ஆகவே எந்த வேலியாக இருந்தாலும் கீழ் ஒன்றரை அடிதான் முக்கியம். கதியால் வேலி உள்ளவர்கள் கிளுவையையும் பூவரசையும் நெருக்கி நட்டு, அடியில் பனஞ்சிலாகையைக் கிடையாக இரண்டு வரி கட்டி, நிலத்தை ஒட்டி ஒரு முட்கம்பி இழுங்கள். கம்பி நிலத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அரை அடி இடைவெளி விட்டாலே குட்டி நுழையும், குட்டி நுழைந்தால் தாய் உடைத்துக்கொண்டு வரும்.

கம்பி வலை போட வசதி இருந்தால் நாலு அடி உயரம் போதும். ஆனால் அதில் ஒரு பகுதியை நிலத்துக்குள் புதையுங்கள், அரை அடியாவது. எங்கள் செம்மண்ணில் கிண்டினால் சில இடத்தில் சீக்கிரமே சுண்ணாம்புக்கல் தட்டும். அங்கே வலையை வெளிப்பக்கம் மடித்து நிலத்தில் விரித்து, மேலே கல் அடுக்குங்கள். பன்றி வேலிக்குக் கிட்ட வந்து கிண்டும்போது தான் நிற்கும் வலையையே கிண்ட வேண்டியிருக்கும். வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் வேலி அந்தரத்தில் நிற்கும், அதை மறந்துவிடாதீர்கள். அங்கே சங்கிலியில் தொங்கும் மரச்சட்டம் போட்டால் வெள்ளம் வரும்போது அது தூக்கிக் கொடுக்கும், வடிந்ததும் மூடிக்கொள்ளும்.

மின்வேலி மிகவும் பலன் தரும், ஆனால் சரியான மின்வேலி. சூரியத் தகடு, 12 வோல்ட் பற்றறி, மின்வேலிக்கென்றே செய்த கருவி. எனர்ஜைசர் என்று கடையில் கேளுங்கள். அது விநாடிக்கு ஒரு தடவை அளவில் மிகச் சிறிய நேரத்துக்குத் துடிப்பாக மட்டும் மின்சாரத்தை அனுப்பும். அடி பலமாக இருக்கும், உயிர் போகாது. வீட்டு மின்சாரம் விடாமல் பாயும், பிடித்த கை விடுபடாது. இரண்டும் ஒன்று என்று நினைத்துச் செய்ததால் போன உயிர்கள் நாட்டில் நிறைய.

பன்றிக்கு இரண்டு கம்பி போதும். முதலாவது நிலத்திலிருந்து எட்டு அங்குலம், இரண்டாவது பதினெட்டு அங்குலம். மாடும் வருமானால் மேலே மூன்றாவது ஒன்று, மூன்று அடியில். எட்டு அங்குலம் ஏன்? பன்றி மூக்கால்தான் எதையும் தெரிந்துகொள்ளும். ஈரமான அந்த மூக்கு கம்பியில் பட வேண்டும். முதுகில் பட்டால் தடித்த மயிர் காப்பாற்றிவிடும், அது முன்னுக்குத்தான் பாயும்.

அடுத்தது பூமித் தொடுப்பு. எங்கள் பக்கத்தில் மின்வேலி வேலை செய்யவில்லை என்று கைவிட்டவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். மின்சாரம் கம்பியிலிருந்து பன்றிக்கு வந்து, மண் வழியாகக் கருவிக்குத் திரும்பினால்தான் அடி விழும். கோடையில் எங்கள் மணல் தறை காய்ந்து போனால் அந்த வழி அறுந்துவிடும். ஆறடி நீளமான நாகம் பூசிய இரும்புக் கம்பிகள் மூன்றைப் பத்து அடிக்கு ஒன்றாக அறைந்து ஒன்றோடொன்று இணையுங்கள். அறையும் இடம் கிணற்றடித் தண்ணீர் ஓடும் இடமாக, வாழைப் பாத்திப் பக்கமாக இருக்கட்டும். அந்த வசதி இல்லாத கடற்கரை மணலில் இரண்டு உயிர்க்கம்பிக்கு நடுவே ஒரு பூமிக்கம்பியையும் இழுத்து அதை நிலத்தில் அறைந்த இரும்புக் கம்பிகளோடு சேர்த்துவிடுங்கள். பன்றி நுழையும்போது இரண்டும் ஒன்றாகப் படும், மண் காய்ந்திருந்தாலும் அடி விழும்.

கம்பி கட்டிய அன்றே மின்சாரத்தையும் கொடுங்கள். வெறும் கம்பியாகக் கிடந்த வேலியைப் பன்றி ஒரு தடவை கடந்து பழகிவிட்டால் பிறகு அதற்குப் பயம் இருக்காது. புல் கம்பியைத் தொட்டால் மின்சாரம் அதன் வழியாக வடிந்துவிடும். மாரியில் கிழமைக்கு ஒரு தடவை அடியை வெட்ட வேண்டும். தினமும் மாலையில் வேலிக்கான அளவுமானியால் கடைசி மூலையில் அளந்து பாருங்கள். 4,000 வோல்ட்டுக்குக் குறைந்தால் எங்கோ புல்லோ ஓலையோ விழுந்திருக்கிறது. பாதையோரத்தில் எச்சரிக்கைப் பலகை கட்டாயம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகும் ஒழுங்கையில் பகலில் நிறுத்திவிடுங்கள்.

எல்லா வேலியும் சேர்ந்து வெளியைச் சுற்றி ஒரே வளையமாக வந்தால் செலவும் குறையும். பத்துப் பேர் தனித்தனியே நாலு பரப்பைச் சுற்றி அடைப்பதற்கும், நாற்பது பரப்பை ஒன்றாகச் சுற்றி அடைப்பதற்கும் கம்பி நீளத்தில் உள்ள வித்தியாசத்தைக் கூட்டத்தில் பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பேசிப் புரியவைக்க முடியாதவர்களுக்கும் அந்தக் கணக்குப் புரியும்.

படி 6: விரட்டுதல்

பழைய சீலை கட்டுதல், சிகையலங்கார நிலையத்து மயிர் தூவுதல், மினுங்கும் விளக்கு, தகரம் தட்டுதல், வானொலி வைத்தல் எல்லாம் வேலை செய்யும். சில நாளைக்கு. பிறகு பன்றி பழகிவிடும். அதனால் இவற்றைப் போகம் முழுக்க வைத்து வீணாக்காமல், பயிருக்கு மிகவும் ஆபத்தான இரண்டு கிழமைக்கு மட்டும், மூன்று நாளுக்கு ஒரு தடவை மாற்றி மாற்றிப் பாவியுங்கள். நெல்லில் பால் பிடிக்கும் நேரமும், கச்சான் முற்றும் நேரமும் அந்த இரண்டு கிழமை. காவலுக்குப் போகிறவர் தனியே போக வேண்டாம். பலமான ரோச் லைற், சப்பாத்து, கையில் தொலைபேசி. குட்டியோடு நிற்கும் தாய்க்கும் காயம்பட்ட ஆணுக்கும் குறுக்கே நிற்காதீர்கள். நாயை ஏவிவிடவும் வேண்டாம், நாய்தான் வயிறு கிழிந்து வரும்.

படி 7: எண்ணிக்கையைக் குறைத்தல்

மேலே சொன்னது எல்லாம் செய்த பிறகும் தொல்லை நின்றபாடில்லை என்றால்தான் இந்தப் படி. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இங்கே நடைமுறையில் உள்ளது. எதைத் தொடங்குமுன்னும் பிரதேச செயலகத்தின் வழியாக வனஜீவராசிகள் திணைக்களத்தைக் கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். துவக்கு என்றால் அனுமதிப்பத்திரம் உள்ளவர் மட்டும். இறைச்சியை விற்கவோ கொண்டு திரியவோ போய்ச் சிக்கலில் மாட்டாதீர்கள்.

அனுமதி கிடைத்தால் எதைச் செய்வது? ஒரு கூட்டத்தில் ஒன்றைச் சுட்டால் மற்றவை நாலாபக்கமும் சிதறும். ஒரு வெளியில் இருந்த தொல்லை மூன்று வெளிக்குப் பரவும், மிஞ்சியவை இரவில் மட்டும் நடமாடப் பழகும். அமெரிக்காவின் மிசூரி மாநிலம் 2016இல் தன் பாதுகாப்புத் திணைக்கள நிலங்களில் பொதுமக்கள் பன்றி வேட்டையாடுவதையே தடை செய்தது. வேட்டையால் கூட்டம் சிதறுகிறது, வேட்டை ஆசையில் சிலர் பன்றியைக் கொண்டுவந்து விடுகிறார்கள் என்பதே காரணம். எனவே கூட்டம் முழுவதையும் ஒரே நேரத்தில் பிடிக்கும் பட்டிதான் சரியான வழி.

பட்டி வட்டமாக இருக்க வேண்டும். மூலை இருந்தால் பன்றிகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தப்பும். இருபது முதல் முப்பது அடி விட்டம், ஐந்து அடி உயரம், பலமான கம்பிச் சட்டம், மேலிருந்து விழும் கதவு. மேலே கூரை வேண்டாம். தவறி நுழையும் வேறு மிருகம் பாய்ந்து போகட்டும். அமைத்தவுடன் பொறியைப் பூட்டாதீர்கள். கதவைத் திறந்து கட்டிவிட்டு, ஊறவைத்த சோளன், தேங்காய்ப் புண்ணாக்கு, பனம்பழம் ஆகியவற்றை முதலில் பட்டிக்கு வெளியே, பிறகு வாசலில், பிறகு உள்ளே என்று இரண்டு கிழமைக்கு மெல்ல மெல்ல நகர்த்துங்கள். இரவுக் கமரா ஒன்றை இரவல் வாங்கியாவது கட்டுங்கள். கமராவில் கூட்டத்தை எண்ணுங்கள், படி 1இல் குறித்ததும் இங்கே உதவும். கூட்டம் எட்டு என்றால் எட்டும் உள்ளே வரும் இரவு வரை பொறுங்கள். ஆறு வந்தது போதும் என்று கதவை விழுத்தினால் வெளியே நிற்கும் இரண்டும் இனி எந்தப் பட்டிக்குள்ளும் நுழையாது. பொறுமை இழந்து நாங்கள் ஒரு தடவை அப்படி விட்டோம். அந்த இரண்டு பெண் பன்றிகளின் குட்டிகள்தான் அடுத்த வருடம் வந்தன.

பிடித்தவற்றை வேறு ஊரில் கொண்டுபோய் விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். என்ன செய்வது என்பதை அதிகாரிகள் பார்த்துக்கொள்ளட்டும்.

கலிபோர்னியாவுக்கு அருகே சாந்தா குரூஸ் என்ற தீவில் 2005, 2006இல் 5,000க்கு மேற்பட்ட பன்றிகளை முற்றாக அகற்றினார்கள். முதலில் தீவை வேலியால் ஐந்தாகப் பிரித்து, ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் சந்தியாகோ தீவில் இதே வேலைக்கு ஏறத்தாழ 30 வருடம் எடுத்து, 18,000 பன்றிக்கு மேல் அகற்றி, 2000இல்தான் முடிந்தது. நாங்கள் ஒரு தீவை முடிக்கப் போவதில்லை. ஆனால் வேலியும் பிடித்தலும் சேர்ந்தே போக வேண்டும் என்பதற்கு சாந்தா குரூஸைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

செய்யவே கூடாதவை

வாய்வெடி, கட்டுத்துவக்கு, சுருக்கு, வீட்டு மின்சாரம் பாய்ச்சிய கம்பி, பூச்சிமருந்து கலந்த தீனி. ஐந்தும் சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

பக்கத்து ஊரில் யாரோ பன்றிக்கென்று தீனிக்குள் வெடி பொதிந்து வைத்தார்கள். கடித்தது ஒரு கறவைப் பசு. நான் போனபோது அது கொட்டிலுக்கு வந்து தன் வழக்கமான இடத்தில் நின்றது. கீழ்த்தாடை தொங்கிக்கொண்டிருந்தது. கன்று வந்து மடியில் முட்டியது, பசு பால் சுரந்து கொடுத்தது. வீட்டுக்கார அக்கா ஒரு வாளித் தண்ணீரை வைத்துவிட்டு அது குடிக்க முயல்வதைப் பார்த்துக்கொண்டு நின்றா. "இதை ஆரட்டைப் போய்ச் சொல்லுறது தம்பி" என்று மட்டும் கேட்டா. கால்நடை வைத்தியர் வந்து செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

இரவில் கள்ளத்தனமாக மின்சாரக் கம்பி இழுத்து, விடிய அதைக் கழற்ற மறந்த வீடுகளில் சொந்தப் பிள்ளையே அகப்பட்டிருக்கிறது. யாராவது உங்கள் வெளியில் இப்படிச் செய்வது தெரிந்தால் அதே நாளில் போய்ப் பேசுங்கள். கேட்காவிட்டால் 119க்கு அழையுங்கள். அயலவர் மனம் நோகும்தான். நோகட்டும். யாருக்காவது அடிபட்டால் 1990 அம்புலன்ஸ் சேவை. மின்சாரத்தில் ஒட்டியிருப்பவரைத் தொடுமுன் இணைப்பைத் துண்டியுங்கள்.

படி 8: நோய்

2024இன் பிற்பகுதியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் பரவியது. மனிதருக்குத் தொற்றாது. ஆனால் பன்றிக்கு வந்தால் பிழைப்பது அரிது, வீட்டுப்பன்றி காட்டுப்பன்றி என்ற பேதம் இல்லை. அந்த வைரஸ் இறைச்சியிலும் சப்பாத்திலும் வாகனச் சில்லிலும் பயணம் செய்யும். பன்றி செத்துக் கிடந்தால் தொடாதீர்கள், இழுத்துப் போய்ப் புதைக்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பன்றி வளர்ப்பவர்கள் கொட்டிலைச் சுற்றி இரண்டு வேலி, நடுவே ஆறடி இடைவெளி என்று வைத்தால் மூக்கும் மூக்கும் முட்டாது. சாப்பாட்டுக்கடை மிச்சத்தைத் தீனியாகப் போடுவதை நிறுத்துங்கள்.

மனிதருக்கு வரக்கூடியது எலிக்காய்ச்சல். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைக் காவுகொண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். எலி மட்டும் அல்ல, மாடும் பன்றியும்கூட அந்தக் கிருமியைச் சிறுநீரில் கழிக்கும். பன்றி புரண்ட குட்டையில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம். காலில் புண் இருந்தால் வயலுக்குப் போகுமுன் மூடிக் கட்டுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள், வைத்தியசாலைக்குப் போய் வயல் வேலை செய்ததையும் சொல்லுங்கள். பன்றி கடித்தால் அல்லது கிழித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே போங்கள்.

படி 9: கொப்பி

ஒரு நாற்பது பக்கக் கொப்பி. திகதி, எந்தத் துண்டு, என்ன பயிர், எத்தனை பரப்பு அழிவு, அடி பெரிதா சின்னதா, வேலி வோல்ட் எவ்வளவு. படம் தொலைபேசியில். கமநல சேவை நிலையத்தில் முறையிடும்போதும், வேலிக்கு உதவி கேட்டு விண்ணப்பிக்கும்போதும் இந்தக் கொப்பியைத்தான் மேசையில் வைக்க வேண்டும். "பன்றித் தொல்லை தாங்க முடியவில்லை" என்று எழுதிய கடிதமும், "மார்கழி 3 முதல் தை 20 வரை பதினொரு இரவு, மொத்தம் ஒன்பது பரப்பு" என்று எழுதிய கடிதமும் ஒன்றுபோல் வாசிக்கப்படுவதில்லை.

எங்கள் வெளியின் கொப்பி இப்போது கிழக்குக் காணிக்கார அண்ணையிடம் இருக்கிறது. மாலையில் மூலையில் வோல்ட் அளப்பதும் அவர்தான். போன மாரியில் அவருடைய மரவள்ளித் துண்டுக்கு நேரே அவர் எழுதிய வரி: "இரண்டு இரவு வந்தது. வாய்க்கால் சட்டத்தில் முட்டிவிட்டுத் திரும்பிவிட்டது. சங்கிலியில் ஒரு வளையம் மாற்ற வேணும்."